கொலரை உறவினர் கழற்றினர்

அடிபட்ட கழுத்து அசையாதிருக்க ஒரு நோயாளிக்குப் போட்டிருந்த கொலரை என் கையால் கழற்றினேன். கழுத்தை அசைத்தது யார் என்று கேட்டபோது அவருடைய மனைவியைப் பார்த்தேன். பிறகு கொலரை அவருடைய உறவினர் கழற்றினார்கள் என்று எழுதினேன். நான் செய்த தவறு இதுதான். நான் வேலை பார்த்த வைத்தியசாலை விடுதிக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் டொக்டர்களான உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். இதை முதல் வரியிலேயே வைத்துவிட்டால் பிறகு நடுவில் எங்கும் ஒளித்துவைக்க முடியாது. ஒளித்துவைப்பதில் எனக்குக் கொஞ்சம் திறமை உண்டு.

ஆனாலும் இது அழுதுகொண்டு வாசிக்க வேண்டிய விஷயமல்ல. இதில் வருகிறவர்கள் எல்லோரும் என்னைவிட நல்லவர்கள், என்னைவிட அதிகம் சிரிக்கிறவர்கள்.

கழுத்து எப்படி அடிபடுகிறது என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். எங்கள் கரையில் அது எப்படி அடிபடுகிறது என்று நான் சொல்கிறேன். தென்னை ஏறியவர் விழுவார். மோட்டார் சைக்கிளில் வருகிறவர் பிரதான வீதியில் படுத்திருக்கும் மாட்டில் மோதுவார். குளத்தில் தண்ணீர் வற்றியதை மறந்து ஒருவர் தலைகீழாகப் பாய்வார். கரைக்கு வருகிற அலை ஒருவரைத் தூக்கி மணலில் தலையைக் குத்தும். அதற்குப் பிறகு ஊரே அன்போடு ஓடிவரும். நாம் முதலில் சமாளிக்க வேண்டியது அந்த அன்பைத்தான். ஒருவர் தலையைத் தூக்குவார், இன்னொருவர் அக்குளில் கை கொடுப்பார், எல்லோருமாக அவரை மடித்து ஓர் ஆட்டோவுக்குள் உட்காரவைப்பார்கள். உடைந்த எலும்பு தனக்குள்ளே போகும் நரம்புத் தண்டை, முண்ணாணை நசுக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

ஒரே ஒரு தடவை மருதமுனை நெசவுக் குடும்பம் ஒன்று தென்னையிலிருந்து விழுந்த தங்கள் மகனை வீட்டுக் கதவில் படுக்கவைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் நெசவு நூல் பொதிகளை அடைத்து, அசையாமல் கொண்டுவந்து சேர்த்தது. யார் சொல்லித் தந்தது என்று வியப்போடு கேட்டேன்.

"ஆரும் சொல்லித் தரல்ல டொக்டர். ஆட்டோ கிடைக்கல்ல. கதவுதான் கிடைச்சிச்சு" என்றார் தகப்பன்.

அந்தக் கதவு மூன்று நாள் எங்கள் விடுதிச் சுவரில் சாய்ந்து நின்றது. நாலாம் நாள் தாய் வந்து, "கதவத் தாங்க, ஊட்டுக்குள்ள ஆடு வருது" என்று வாங்கிக்கொண்டு போனார். மகன் சில வாரங்களில் நடந்து வீட்டுக்குப் போனான்.

முதல் வரியில் சொன்ன நோயாளியை ஹயாத்து காக்கா என்போம், காக்கா என்றால் அண்ணன். அவர் கதவில் வரவில்லை. அவர் நடந்து வந்தார். நான் ஏமாந்ததும் அதில்தான்.

அறுபதை நெருங்கிய மனிதர். வயல் இறக்காமத்துப் பக்கம், வீடு கல்முனைக்குடியில். எங்கள் வழக்கப்படி கலியாணம் முடித்த நாளிலிருந்து மனைவி கதீசா உம்மாவின் வீட்டில் வாழ்கிறவர். அறுவடை முடிந்து உழவு இயந்திரப் பெட்டியில் நெல் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்திருக்கிறார். அன்று வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொரு மணி இருக்கும்.

"என்ன நடந்த காக்கா?"

"வாய்க்கால் ரோட்டுல மருத மரத்துக் கொப்பு ஒண்டு நெத்தியில அடிச்சிட்டு டொக்டர். அது என்னக் காணல்ல, நான் அதக் காணல்ல. தல அப்புடியே பின்னுக்குப் போயிட்டு."

"கழுத்து நோகுதா?"

"நோகுது. ஆனா கழுத்து பரவாயில்ல. கையிதான் வில்லங்கம். ரெண்டு கையும் மிளகாய் அரைச்ச கை மாதிரி எரியுது. நான் ஒரு நாளும் மிளகாய் அரைச்சதில்ல, எங்கட ஊட்டுல கேட்டுப் பாருங்க."

நான் சிரித்தேன். கொலரைப் போட்டேன். கால்களை உதைக்கச் சொன்னேன், உதைத்தார். எக்ஸ்ரே எடுத்தோம். எலும்புகள் வரிசையாக நின்றன. நடந்து வந்த மனிதர், சுத்தமான எக்ஸ்ரே, வாய் நிறையப் பகிடி. கழுத்தில் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டினேன்.

அந்த மிளகாய்ப் பேச்சை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். வயதானவர்களின் கழுத்தில் முண்ணாண் போகும் பாதை தேய்மானத்தால் ஒடுங்கியிருக்கும். தலை திடீரெனப் பின்னுக்குப் போகும்போது, ஒரு எலும்பும் உடையாமலே முண்ணாண் உள்ளுக்குள் நசுங்கும். அப்படிப்பட்டவர் நடப்பார். கைகள்தான் எரியும், மரக்கும், பிறகு விழும். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், முண்ணாணைக் காட்டாது. இதெல்லாம் எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்திருந்தும் அவசரப்பட்டேன், ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அவருக்கும் அதே கவலை.

"டொக்டர், பள்ளிக்குப் போக ஏலாதுதான். இங்கயே ளுஹர் தொழுதுக்கிறனே. ஒளு எடுக்கணும். இத வெச்சிட்டு எப்புடி வாய் கொப்பளிக்கிற? பிடரியத் தடவுற?"

தொழுகைக்கு முன் கை, முகம் கழுவும் அந்த ஒளுவுக்காகக் கொலரைக் கழற்றி என் மேசையில் வைத்தேன். அவரைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்தேன். "தொழுதிட்டுப் போட்டுக்குங்க" என்றேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு வேறு. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கொப்பளிக்கத் தண்ணீரை வாயில் எடுத்தார். மருத மரக் கொப்பு செய்ததை அவர் மறுபடி தானாகவே மெதுவாகச் செய்துகொண்டிருந்தார்.

எங்கள் விடுதியின் மூத்த தாதி சொறிக்கல்முனையிலிருந்து வருகிறவர். எனக்கு வேலை பழக்கியவர்களில் அவருக்கு முதலிடம் கொடுப்பேன். அவர் பக்கத்துக் கட்டிலிலிருந்து சொன்னார்: "டொக்டர், அவர் கை எரியுது எண்டவர்."

"எக்ஸ்ரே நல்லா இரிக்கி மிஸ்" என்றேன். போய்விட்டேன்.

நான் பள்ளிவாசலிலிருந்து திரும்பியபோது ஹயாத்து காக்கா படுத்திருந்தார். செய்தி கேட்டு ஓடிவந்த கதீசா உம்மா, இடது கையை அவருடைய பிடரிக்குக் கீழ் கொடுத்துத் தலையைத் தூக்கி, தம்ளரில் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தார். காக்காவின் இரண்டு கைகளும் துணியில் வைத்த இரண்டு பொருட்கள் மாதிரி வயிற்றில் கிடந்தன.

இதைக் கவனமாக வாசியுங்கள். அவருடைய கை தம்ளரைப் பிடிக்காததால்தான் மனைவி பருக்கினார். அதாவது மனைவி வருவதற்கு முன்பே கைகள் விழுந்துவிட்டன. வாசலில் நின்ற ஒரு கணத்திலேயே எனக்கு அது விளங்கிவிட்டது. விளங்கிய பிறகுதான் சத்தம் போட்டேன்.

"என்ன செய்றீங்க? ஆரு கழுத்தத் தூக்கச் சொன்ன?"

கதீசா உம்மா பயந்துபோய்க் கையை எடுக்கவும் தெரியாமல் வைக்கவும் தெரியாமல் அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் காக்காவின் அக்கா பல்கீஸ் ராத்தா சாய்ந்தமருதிலிருந்து வந்து நின்றார். மெலிந்த, உயரமான பெண். தம்பியைத் தூக்கி வளர்த்தவர் என்று பிறகு அறிந்தேன்.

"தம்பிட கையி ஏன் டொக்டர் இப்புடி?"

"கொலர் இல்லாமக் கழுத்த அசைச்சிட்டாங்க."

"ஆரு?"

 இன்னும் பிடரிக்குக் கீழே இருந்த அந்தக் கையைப் பார்த்தேன். ராத்தாவும் பார்த்தார். அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. மேசைக்குப் போய் நோயாளியின் கோப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். தமிழில் சொன்னால், கொலரை உறவினர் கழற்றியுள்ளனர்.

தாதி வந்து கொலரை என் மேசையிலிருந்து எடுத்தார். "இது இங்கதான் கிடந்த, டொக்டர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் ஒழுங்காகச் செய்தோம். கழுத்தை அசையாமல் கட்டி, இரத்த அழுத்தம் விழாமல் பார்த்து, சிறுநீர் போகக் குழாய் வைத்து, ஸ்கேன் வசதியுள்ள பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினோம். முண்ணாணின் நடுவில் வீக்கம் இருந்தது, கால்களும் தளர்ந்திருந்தன. சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. இரண்டு வாரத்தில் எங்களிடம் திரும்பி வந்தார். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் புரட்டி, பயிற்சி கொடுத்து, மெல்ல மெல்ல எழுப்பினோம். கால்கள் முதலில் வந்தன. சிறுநீர் பிறகு சரியாகியது. விரல்கள் கடைசியில் வரும், அதுதான் இந்தக் காயத்தின் வழி. வீட்டுக்கு அனுப்பும்போது நோய் அட்டையிலும் அதே வரியை எழுதிக் கொடுத்தேன். நான் கழற்றியதால்தான் கைகள் விழுந்தனவா, எப்படியும் வீக்கம் வந்திருக்குமா என்று பெரிய வைத்தியசாலை நிபுணரிடம் கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலைப் பல நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கொலருக்கு அது ஏதோ ஒரு சமாதானம். எழுதிய வரிக்கு அது சமாதானமல்ல.

மூன்று மாதம் கழித்து ஹயாத்து காக்கா கிளினிக்குக்கு வந்தார். நடை நன்றாக இருந்தது. விரல்கள் மடங்கி விரிந்தன, ஆனால் சொன்ன இடத்துக்குப் போகவில்லை.

"ஊட்டுல எப்படிக் காக்கா?"

"எந்த ஊட்டுல?"

"உங்கட ஊட்டுலதான்."

"என்ட ஊட்டுல எப்படியெண்டு எனக்குத் தெரியா டொக்டர். நான் ராத்தட ஊட்டுலதானே இரிக்கன்."

வைத்தியசாலையிலிருந்து வெளியேறிய அன்றே பல்கீஸ் ராத்தா தம்பியைத் தன்னோடு கூட்டிப் போயிருக்கிறார். வாசலில் வைத்துக் கதீசா உம்மாவிடம் சொன்னாராம்: "முப்பது வருசத்துக்கு முன்ன உங்கட ஊட்டுக்குத் தம்பியக் குடுத்தம். ஒரு தம்ளர் தண்ணி குடுக்கத் தெரியாத ஊடு. நான் திருப்பி எடுத்துட்டுப் போறன்."

"கதீசா உம்மா ஒண்டும் சொல்லல்லயா?"

"இல்ல. அவவும் நம்பிட்டா டொக்டர். அவட கையாலதான் எனக்கு இது வந்தெண்டு நெனக்கிறா. என்னப் பாக்க வாறதும் இல்ல. போன்லதான் கதைக்கிற. என்ட கையால போனப் பிடிக்க ஏலாதே, ராத்தா போத்தல்ல சாத்தி வெச்சி ஸ்பீக்கர்ல போடுவா. ஊடே கேட்டுட்டு இரிக்கும். என்னத்தக் கதைக்கிற? 'இண்டைக்கு என்ன கறி' எண்டு கேப்பன். 'கணவா மீன்' எண்டுவா. 'எனக்கும் ஆசைதான்' எண்டுவன். மறுகா போன வெச்சிருவம்."

"நடந்தத நீங்க சொல்லல்லயா காக்கா?"

"சொன்னன். டொக்டர்தான் கழட்டினாரு, நான்தான் தொழக் கேட்டன் எண்டு சொன்னன். ராத்தா சிரிக்கா. பொண்டாட்டியக் காப்பாத்த டொக்டர்ர தலையில போடுறாய் எண்டுறா. கார்ட்ல எழுதிக் கிடக்காம்."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நான் பொய் எழுதியதை அறிந்த ஒரே நோயாளி, என் முகத்தைப் பார்த்து அதைத் தகவலாகச் சொன்னார். பிறகு பேச்சை மாற்றினார்.

"அத விடுங்க. சாரன் இடுப்புல நிக்குதில்ல, அதுக்கொரு வழி சொல்லுங்க. முடிச்சுப் போட விரல் வரமாட்டேங்குது. பள்ளிக்குப் போற வழியில அவுண்டா என்ட மானத்த எந்த டொக்டர் கட்டுற?"

அகலமான இடுப்புவார் கட்டச் சொன்னேன். புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக ஒரு கோப்பையிலிருந்து மற்றக் கோப்பைக்கு எடுத்துப் போடும் பயிற்சியையும் சொல்லிக் கொடுத்தேன். நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்த மற்ற விஷயத்தைச் சொல்லவில்லை.

முதலில் குறுக்கு வழி பார்த்தேன். அடுத்த கிளினிக்குக்குப் பல்கீஸ் ராத்தாவும் வந்திருந்தார்.

"ராத்தா, காக்காவ இனி ஊட்டுக்கு அனுப்பலாம்."

"எந்த ஊட்டுக்கு?"

அது அந்தக் குடும்பத்தின் பழக்கம் போலும். "கதீசா உம்மட ஊட்டுக்கு. அவங்களும் பாக்கத்தானே வேணும்" என்றேன்.

ராத்தா கைப்பையைத் திறந்து நாங்கள் கொடுத்த நோய் அட்டையை எடுத்தார். அதை லெமினேட் செய்திருந்தார். என் கையெழுத்து பளபளத்தது.

"என்ட மகள் டீச்சர். அவதான் வாசிச்சுக் காட்டின. நீங்கதானே இத எழுதின?"

"ஓம்."

"மறுகா என்ன?"

 அவர் போன பிறகு, மருந்து கட்டும் துணிகளை மடித்துக்கொண்டிருந்த தாதி தலை நிமிராமல் சொன்னார்: "லெமினேட் பண்ணிட்டா. இனி மழை பட்டாலும் கரையாது."

"நீங்க அண்டைக்கே பெரிய டொக்டரிட்டச் சொல்லியிருக்கலாமே மிஸ்."

"ஓம், சொல்லியிருக்கலாம். அது என்ட பிழை, நான் பாத்துக்கிறன். உங்கடதுக்கு நீங்க இன்னும் எத்தின கிளினிக் வெக்கப் போறீங்க?"

அடுத்த நாள் காலையில் கோப்பறையிலிருந்து அந்தக் கோப்பை எடுத்தேன். இது உங்களுக்கு எப்போதாவது உதவும்: எழுதியதைச் சுரண்டாதீர்கள், தாளைக் கிழிக்காதீர்கள், பழைய மையைப் போல ஒரு மையைத் தேடாதீர்கள். நான் மூன்றையும் யோசித்தவன். கீழே இன்றைய திகதியும் நேரமும் போட்டு, மேலே உள்ள வரி பொய், கொலரைக் கழற்றியது நான், மனைவி வருமுன்பே கைகள் பலமிழந்திருந்தன என்று எழுதி ஒப்பமிட்டேன். எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நாலு மாதம் அதைத் தூக்கிச் சுமந்திருந்தேன்.

பெரிய டொக்டர் இரண்டு தடவை வாசித்தார்.

"கழட்டினது பிழை. பிழை எல்லாருக்கும் வரும், அதப் பாக்கத்தான் நாங்க பத்துப் பேர் இரிக்கம். இந்த வரிய எங்களால திருத்த ஏலாது. கடிதம் எல்லாம் பிறகு வரும். முதல்ல நீங்க அந்த ஊட்டுக்குப் போங்க."

எச்சரிக்கைக் கடிதம் பிறகு வந்தது. என் சேவைக் கோப்பில் இன்னும் இருக்கிறது. நான் அந்த வாரமே திருத்தி எழுதிய புது அட்டையை எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனேன். பின்னேர அஸர் தொழுகை முடிந்த நேரம். ஹயாத்து காக்கா முன்விறாந்தையில் புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். ராத்தா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். மகள் தேநீர் கொண்டுவரப் போனார். தேநீர் வந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்து நின்றபடியே சொன்னேன்.

"ராத்தா, கொலரக் கழட்டினது நான். உங்கட தம்பி சொன்னது உண்ம. கதீசா உம்மா வர முந்தியே அவர்ர கை விழுந்திட்டு. நான் பயத்துல பொய் எழுதினன்."

பாக்குவெட்டி நின்றது. ஒரு புளியங்கொட்டை நிலத்தில் விழுந்து உருண்டது.

"நான் சொல்லக்குள்ள சிரிச்சீங்களே ராத்தா" என்றார் காக்கா. "இப்ப சிரிங்க பாப்பம்."

ராத்தா சிரிக்கவில்லை. உள்ளே போய் அந்த அட்டையைக் கொண்டுவந்தார். கிழிக்கப் பார்த்தார். லெமினேட் செய்த அட்டை வளைந்தது, கிழியவில்லை. மறுபக்கம் திருப்பிக் கிழிக்கப் பார்த்தார். பல்லால் கடித்தார்.

"இங்க தாங்க, நான் கிழிச்சித் தாறன்" என்று காக்கா தன்னுடைய தள்ளாடும் கையை நீட்டினார். ராத்தாவின் மகள் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்று சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். கடைசியில் ராத்தா பாக்குவெட்டியை எடுத்து, அட்டையைப் பாக்கு நறுக்குகிற மாதிரி துண்டு துண்டாக வெட்டினார். என் கையெழுத்து இருந்த துண்டை மட்டும் இரண்டு தடவை வெட்டினார்.

"நான் அந்தக் கதீசாப் புள்ளைக்கு என்னெல்லாம் சொல்லிட்டன் தெரியுமா டொக்டர்?"

"தெரியும் ராத்தா."

"உங்களுக்குத் தெரியா. நீங்க கேள்விப்பட்டது கொஞ்சம்." வெட்டிய துண்டுகளை முந்தானையில் அள்ளினார். "வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு நான் கொண்டுபோய் விடுவன். நீங்களும் வாங்க. அவ என்ட முகத்த மட்டும் பாத்தாப் போதாது, உங்கடதையும் பாக்கணும்."

ராத்தாவின் மகள் கதீசா உம்மாவுக்குப் போனில் விஷயத்தைச் சொல்லிவைத்தார். வெள்ளிக்கிழமை இரண்டு ஆட்டோக்கள் புறப்பட்டன. முதலாவதில் ராத்தாவும் மகளும், மடியில் துணி மூடிய தட்டில் தொதல் இனிப்பு. இரண்டாவதில் காக்காவும் நானும். புதுச் சாரன், பச்சை இடுப்புவார், தொப்பி. அத்தர் மணத்தில் எனக்குத் தும்மல் வந்தது.

"கலியாணத்தண்டு கூட எனக்கு இவ்வளவு பூசல்ல டொக்டர்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவ உள்ளுக்கு எடுப்பாளா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன். அன்று அவரிடம் உண்மை தவிர வேறொன்றும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன்.

ஆட்டோக்கள் பிரதான வீதியிலிருந்து கதீசா உம்மா வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியதும் அயல் வீட்டுப் பெண்களில் யாரோ பகிடிக்குக் கலியாணக் குரவை இட்டார். உடனே நாலு வீட்டிலிருந்து குரவை எழுந்தது. மாப்பிள்ளை வருகிறார் என்று ஒழுங்கையே வாசலுக்கு வந்துவிட்டது. காக்கா இறங்கி, தொப்பியைச் சரிசெய்யக் கையைத் தூக்கி, காதைத் தொட்டு, பிறகு தொப்பியைக் கண்டுபிடித்தார்.

கதீசா உம்மா கதவு நிலையில் நின்றார். கணவனைப் பார்க்கவில்லை. மதினியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீங்கதானா எழுதின?"

"ஓம்."

"என்னத்துக்கு?"

"பயத்துல."

"எனக்கும் நாலு மாசமா பயந்தான். சோறு கழுவக்குள்ள, உடுப்புக் கழுவக்குள்ள என்ட கையப் பாப்பன், இந்தக் கைதானா எண்டு. நான் ஆர்ர பேர எழுதுற?"

குரவை நின்றுவிட்டது.  திருத்திய அட்டையை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"வாசிங்க."

ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

"தமிழுல."

கொலரைக் கழற்றியது நான், மனைவி வரும் முன்பே நோயாளியின் கைகள் பலமிழந்திருந்தன, முன்பு எழுதியது பொய் என்று தமிழில் சொன்னேன்.

"இன்னொருக்கா. பக்கத்து ஊட்டாக்களுக்குக் கேக்கல்ல."

"எங்களுக்குக் கேட்டிச்சு கதீசா" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"உங்களுக்குக் கேட்டிச்சு. உங்களுக்கு அங்கால இரிக்கிறவங்களுக்கு?"

இரண்டாம் தடவை, ஒழுங்கை முனைக்குக் கேட்கும்படி வாசித்தேன். வைத்தியசாலையில் நோயாளியின் நிலையை உரக்கச் சொல்லி அறிக்கையிடப் பழகிய தொண்டை அன்று நன்றாக வேலை செய்தது. வாசித்து முடித்ததும் கதீசா உம்மா நிலையிலிருந்து விலகி நின்று முதல் தடவையாகக் கணவனைப் பார்த்தார்.

"கணவாக் கறி ஆறுது. கால் கழுவிட்டு வாங்க."

பல்கீஸ் ராத்தா தட்டைச் சட்டென்று மகளிடம் கொடுத்துவிட்டு, "நான் போய்ட்டு வாறன் கதீசா" என்றார். 

"ஆளையும் கொண்டு வந்து தட்டையும் கொண்டு வந்திட்டு எங்க போற? உள்ளுக்கு வாங்க மதினி. எனக்கும் உங்களுக்கும் கணக்கு இரிக்கி, அத சோறு திண்டுட்டுக் கதைப்பம்."

அவர்கள் அதை என்ன கதைத்தார்களோ, உள்வீட்டிலிருந்து முதலில் அழுகையும் பிறகு சிரிப்பும் கேட்டது. மறுபடி குரவையும் கேட்டது.

அதற்குப் பிறகு எங்கள் விடுதியில் ஒரு மாற்றம் செய்தேன், நான் ஓய்வு பெறும்வரை அது தொடர்ந்தது. கழுத்து அடிபட்டு வருகிறவர் கேட்பதற்கு முன்பே நாங்களே தொழுகையைப் பற்றிப் பேசுவோம். தண்ணீர் இல்லாமல் சுத்தமான கல்லில் கை வைத்துத் தயம்மும் செய்யலாம், படுத்தபடியே, தேவைப்பட்டால் கண்ணசைவாலே தொழலாம், அதற்குக் கொலரைத் தொடத் தேவையில்லை. கல்லையும் நாங்களே வைத்திருந்தோம். மார்க்கம் அந்தச் சலுகையை எப்போதோ தந்துவிட்டது. நான்தான் அவசரத்தில் தரவில்லை. உறவினர்களுக்கும் முதல் ஐந்து நிமிடத்தில் எப்படித் தண்ணீர் பருக்குவது, எப்படிப் புரட்டுவது என்று காட்டிக் கொடுப்போம். குற்றம் சொல்வதற்கு முன்பு சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் அல்லவா.

கதீசா உம்மா என்னை மன்னித்தாரா என்று கேட்பீர்கள். அதற்குப் பிறகு அவர் எங்கள் வைத்தியசாலைக்கு வந்தபோதெல்லாம் என் வரிசையில் நின்றதில்லை. அடுத்த டொக்டரின் வரிசை எவ்வளவு நீளமென்றாலும் அங்குதான் நின்றார். என்னைக் கண்டால் தலையசைப்பார். அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

அன்றைய சாப்பாட்டைச் சொல்லி முடிக்கிறேன். முன்னறையில் பாய் விரித்துச் சகன் வைத்தார்கள். ஒரு பெரிய தட்டில் சோறு, நடுவில் இறைச்சி, பக்கத்தில் கணவாக் கறி, சுற்றி நாங்கள் நாலு பேர்: காக்கா, நான், அயல் வீட்டு ஆண்கள் இருவர். காக்காவுக்குக் கரண்டி வேண்டுமா என்று உள்ளிருந்து கேட்டார்கள். வேண்டாம் என்றார். அவருடைய விரல்கள் சோற்றைக் கூட்டுவதும் சோறு நழுவுவதுமாக இருந்தன. எங்களில் யாரும் பேசிவைக்கவில்லை, ஆனால் மூன்று பேரின் கைகளும் தாமாகவே மெதுவாகிவிட்டன. ஒரு சோற்றுருண்டையை நான் எவ்வளவு நேரம் பிசைந்தேன் என்று எனக்கே தெரியாது.

காக்கா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"என்ன, எல்லாருக்கும் நோன்பா?"

சிரித்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினோம். அவர் தன் பக்கமிருந்த பெரிய இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ள விரலை வைத்தார். விரல் வழுக்கிச் சோற்றில் விழுந்தது. மறுபடி வைத்தார், துண்டு அயலவரின் பக்கம் போய்விட்டது. அயலவர் அதைத் தொடாமல் காத்திருந்தார். மூன்றாம் தடவையும் தவறியது. நான் கையை நீட்டப் போனேன். "இரிங்க" என்றார். நாலாம் தடவை, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துத் தூக்கி, நடுங்கி நடுங்கிக் கொண்டுவந்து, என் சோற்றின் மேல் வைத்தார்.

நான் அதை எடுத்துச் சாப்பிட்டேன்.